விண்டோஸில் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்காமல் அட்மின் உரிமையில் புரோகிராமை இயக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கணினியின் வெப்பநிலையைக் காட்டும் கருவி, பேக்கப் எடுக்கும் மென்பொருள், பத்து வருடத்துக்கு முந்தைய கணக்குப் பதிவு மென்பொருள் என ஏதாவது ஒன்றைத் தினமும் பலமுறை திறப்பவர்களுக்கு அந்தப் பெட்டி நன்றாகவே பழக்கம். ஐகானைத் தட்டியதும் திரை மங்கும். இந்த ஆப் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கேட்கும். அட்மின் கணக்கில் இருந்தால் 'யெஸ்' அழுத்தினால் போதும். சாதாரணக் கணக்கில் இருந்தால் அட்மினின் பாஸ்வேர்டையே கொடுக்க வேண்டும்.

இதற்கு எல்லோரும் சட்டென்று சொல்லும் யோசனை, அந்தப் பெட்டியையே அணைத்துவிடுவது. ஒரே ஒரு புரோகிராமுக்காகக் கணினி முழுவதையும் திறந்து போடுகிற வேலை அது. குறிப்பிட்ட புரோகிராமுக்கு மட்டும் விலக்கு கொடுக்க விண்டோஸிலேயே டாஸ்க் ஷெட்யூலர் என்ற கருவி இருக்கிறது. தனியாக எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். ஹோம் பதிப்பிலும் உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் கீழே உள்ள வழிமுறை பொருந்தும்.

பெட்டி ஏன் வருகிறது

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலோர் அட்மினாகவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும், தெரியாமல் திறந்த வைரஸுக்கும் சேர்த்து, அட்மின் உரிமை முழுதாகக் கிடைத்தது. 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டா இதை மாற்றியது. யூசர் அக்கவுன்ட் கண்ட்ரோல், சுருக்கமாக யுஏசி, அதில்தான் வந்தது.

இப்போது நீங்கள் அட்மினாக லாகின் செய்தாலும் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு டோக்கன்களை, அதாவது உங்களுக்கு என்னென்ன உரிமை உண்டு என்று சொல்லும் அனுமதிச் சீட்டுகளை, உருவாக்குகிறது. ஒன்றில் முழு உரிமை இருக்கும். மற்றொன்று அட்மின் அதிகாரங்கள் கழிக்கப்பட்டது. டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஃபைல் எக்ஸ்புளோரர் எல்லாம் கழிக்கப்பட்ட டோக்கனில்தான் ஓடுகின்றன. அங்கிருந்து நீங்கள் திறக்கும் புரோகிராம்களுக்கும் அதே குறைந்த உரிமைதான் போய்ச் சேரும். முழு டோக்கன் வேண்டும் என்று ஒரு புரோகிராம் கேட்கும்போதுதான் பெட்டி எழுகிறது. ஆகவே நாம் செய்யப்போவது, குறிப்பிட்ட ஒரு புரோகிராமை முழு டோக்கனோடு தொடங்கும்படி முன்கூட்டியே, அட்மினாக இருந்து, ஒரு முறை ஒப்புதல் பதிந்து வைப்பது.

இரண்டு டோக்கன் என்ற இந்த விவரத்தை மனதில் வையுங்கள். பின்னால் வரும் பாதிச் சிக்கல்களுக்கு இதுதான் காரணம்.

முதலில் பார்க்க வேண்டியது: அட்மின் உரிமை உண்மையிலேயே தேவையா?

பல புரோகிராம்களுக்குத் தேவையே இல்லை. யாரோ ஒருவர் 'அட்மினாக ரன் பண்ணுங்கள், சரியாகிவிடும்' என்று சொல்லி, அந்த டிக் அப்படியே தங்கியிருக்கும். புரோகிராமின் ஐகானை ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்', அதில் 'கம்பாட்டிபிலிட்டி' பக்கத்தைத் திறங்கள். 'ரன் திஸ் புரோகிராம் ஆஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். எல்லா வேலையும் நடந்தால் பிரச்சினை அத்தோடு முடிந்தது.

பழைய கணக்கு மென்பொருள்கள் அட்மின் உரிமை கேட்பதற்கு முக்கியக் காரணம், தங்கள் டேட்டாவை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே எழுதுவதுதான். அந்த ஃபோல்டரில் சாதாரண உரிமையில் எழுத முடியாது. விஸ்டா முதல் விண்டோஸ் இதற்கு ஒரு சமாளிப்பு வைத்திருக்கிறது: பழைய 32-பிட் புரோகிராம் அங்கே எழுத முயன்றால், அந்த எழுத்தை உங்கள் 'ஆப் டேட்டா'வுக்குள் 'லோக்கல்', அதற்குள் 'வர்ச்சுவல் ஸ்டோர்' என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். புரோகிராமுக்கு இது தெரியாது.

இதிலிருந்து ஒரு குழப்பம் பிறக்கும். சாதாரணமாகத் திறந்து ஒரு வாரம் பில் போட்டிருப்பார்கள். ஒரு நாள் அட்மினாகத் திறந்தால் அந்த வாரத்துப் பில் ஒன்றுகூட இருக்காது. டேட்டா அழியவில்லை. சாதாரணமாகத் திறக்கும்போது வர்ச்சுவல் ஸ்டோரில் உள்ள பிரதியும், அட்மினாகத் திறக்கும்போது புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள அசலும் தெரிகின்றன. அட்மின் முறைக்கு நிரந்தரமாக மாறும் முன் வர்ச்சுவல் ஸ்டோரைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதைப் பேக்கப் எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு பிரதிகளில் எது புதியது என்று தேதியைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இத்தகைய மென்பொருளுக்கு நல்ல தீர்வு, டேட்டா ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றுவது. செட்டிங்கில் அதற்கு வழி இருந்தால் டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு அதைக் காட்டுங்கள். வழி இல்லையென்றால், டேட்டா இருக்கும் உள்-ஃபோல்டரை மட்டும் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்', 'செக்யூரிட்டி', 'எடிட்' என்று போய், 'யூசர்ஸ்' குழுவுக்கு 'மாடிஃபை' அனுமதி கொடுங்கள். புரோகிராமின் இயங்கு ஃபைல் (எக்ஸ்இ ஃபைல்) இருக்கும் முழு ஃபோல்டருக்கும் இந்த அனுமதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

டிரைவர் (வன்பொருளோடு பேசும் மென்பொருள்) ஏற்றும் கருவிகள், வன்பொருளின் சென்சாரைப் படிப்பவை, பிற பயனர்களின் ஃபைல்களைத் தொடும் பேக்கப் மென்பொருள்கள் ஆகியவற்றுக்கு அட்மின் உரிமை மெய்யாகவே வேண்டும். அவற்றுக்குத்தான் அடுத்த பகுதிகள்.

தவிர்க்க வேண்டிய குறுக்குவழிகள்

யுஏசி ஸ்லைடரில் நான்கு படிகள் உண்டு. கடைசிப் படியான 'நெவர் நோட்டிஃபை'க்கு இறக்கினால், அட்மின் கணக்கில் எந்த புரோகிராம் முழு உரிமை கேட்டாலும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விண்டோஸ் கொடுத்துவிடும். அதற்கு மேலுள்ள படி, திரையை மங்கச் செய்யாமல் பெட்டியை மட்டும் காட்டும். திரை மங்குவது அலங்காரத்துக்கு இல்லை. மற்ற புரோகிராம்கள் எட்ட முடியாத தனி டெஸ்க்டாப்பில் பெட்டியைக் காட்டுகிறது விண்டோஸ். ஸ்லைடரை அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வேறொரு கணக்கின் பெயரில் புரோகிராமைத் திறக்கும் 'ரன்ஆஸ்' கட்டளையில் 'சேவ்கிரெட்' என்று சேர்த்து பாஸ்வேர்டைச் சேமிக்கும் வழியும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இதில் இரண்டு கோளாறுகள். சேமித்த பாஸ்வேர்டு ஒரு புரோகிராமுக்கு என்று பூட்டப்படுவதில்லை. அந்த யூசராக ஓடும் எதுவும் அதைப் பயன்படுத்தி எதையும் அட்மின் பெயரில் திறக்கலாம். இரண்டாவது, யுஏசி இயங்கும்போது 'ரன்ஆஸ்' மூலம் திறந்த புரோகிராமுக்கு வழக்கமான அட்மின் கணக்கின் கழிக்கப்பட்ட டோக்கன்தான் கிடைக்கும். ஆபத்தும் வந்து, வேலையும் நடக்காது.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், மற்றொரு கட்டளையை அட்மின் உரிமையில் ஓட்டும் 'சூடோ' என்ற கட்டளை வந்திருக்கிறது. லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு வசதி. ஆனால் அதுவும் யுஏசி பெட்டியைக் காட்டித்தான் ஓடும்.

டாஸ்க் ஷெட்யூலரில் பதிவு செய்தல்

உதாரணத்துக்கு சிபியு-இசட் கருவியை எடுத்துக்கொள்வோம். செயலியின் விவரங்களைப் படிக்க அது ஒரு டிரைவரை ஏற்றுகிறது, அதனால் திறக்கும்போதெல்லாம் அட்மின் உரிமை கேட்கும்.

1. அட்மின் கணக்கில் லாகின் செய்து, ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று ஆங்கிலத்தில் தேடித் திறங்கள். வலப்பக்கப் பட்டியலில் 'கிரியேட் டாஸ்க்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அதற்கு மேலேயே 'கிரியேட் பேசிக் டாஸ்க்' என்று ஒன்று இருக்கும். அது வேண்டாம். நமக்குத் தேவையான உரிமைக் கட்டம் அந்த எளிய படிவத்தில் வராது.

2. 'ஜெனரல்' பக்கத்தில் பெயர் கொடுங்கள். இடைவெளி இல்லாத ஒரே ஆங்கிலச் சொல்லாக இருக்கட்டும், ஷார்ட்கட் எழுதும்போது மேற்கோள் குறித் தொல்லை வராது. கீழே 'ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லாக்டு ஆன்' என்பதையே வைத்திருங்கள். மற்றதைத் தேர்வு செய்தால் புரோகிராம் ஓடும், ஆனால் உங்கள் திரைக்குச் சம்பந்தமில்லாத தனி செஷனில் ஓடும், விண்டோ கண்ணில் படவே படாது. தவிர, அந்த முறையில் பாஸ்வேர்டு சேமிக்கப்படுவதால், பாஸ்வேர்டை மாற்றிய அன்றே டாஸ்க் படுத்துவிடும்.

3. அதே பக்கத்தில் 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' கட்டத்தில் டிக் வையுங்கள். முழு டோக்கனைக் கொடுப்பது இந்த ஒரு டிக்தான். கீழே 'கான்ஃபிகர் ஃபார்' பட்டியலில் பழைய விஸ்டா பெயர் நிற்கும். அதை விண்டோஸ் 10 என்று மாற்றுங்கள்.

4. 'டிரிகர்ஸ்' பக்கத்தைக் காலியாக விடுங்கள். நேரம் பார்த்து ஓட வேண்டியதில்லை, நீங்கள் சொல்லும்போது ஓடினால் போதும்.

5. 'ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் 'நியூ' அழுத்தி, 'ஸ்டார்ட் எ புரோகிராம்' என்பதை வைத்துக்கொண்டு, 'பிரவுஸ்' மூலம் புரோகிராமின் இயங்கு ஃபைலைக் காட்டுங்கள். ஷார்ட்கட்டைக் காட்டாதீர்கள். பாதை முழுவதும், டிரைவ் எழுத்திலிருந்து தொடங்கி, அப்படியே இருக்க வேண்டும். 'ஸ்டார்ட் இன்' கட்டத்தில் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் பாதையை எழுதுங்கள். இதைக் காலியாக விட்டால் புரோகிராம் விண்டோஸின் 'சிஸ்டம்32' ஃபோல்டரைத் தன் இருப்பிடமாக எடுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே தன் செட்டிங் ஃபைலைத் தேடும் புரோகிராம்கள் அப்போது திணறும். இன்னொன்று: பாதையில் இடைவெளி இருந்தாலும் 'ஸ்டார்ட் இன்' கட்டத்தில் மேற்கோள் குறி போடவே கூடாது. போட்டால் டாஸ்க் தொடங்காது.

6. 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில் மின்சாரம் பற்றிய இரண்டு கட்டங்கள் டிக் செய்யப்பட்டே வரும். ஒன்று, கணினி நேரடி மின்சாரத்தில் இருந்தால் மட்டுமே தொடங்கு. அதற்கு உள்ளே தள்ளியிருக்கும் மற்றொன்று, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து. லேப்டாப்பில் இந்த இரண்டும் சேர்ந்து படுத்தும் பாடு அதிகம். சார்ஜர் இல்லாமல் ஐகானைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் புரோகிராமே மூடப்படும். யுஎஸ்பி கம்பி வழியாகக் கணினியோடு இணைந்த யுபிஎஸ்-ஐயும் விண்டோஸ் பேட்டரியாகத்தான் பார்க்கிறது, ஆகவே மேசைக் கணினியிலும் இது நடக்கும். முதலில் உள்ளே இருக்கும் டிக்கை எடுங்கள், பிறகு வெளியே இருப்பதை எடுங்கள். வெளியே இருப்பதை முதலில் எடுத்தால் உள்ளே இருப்பது மங்கிப்போகும், ஆனால் டிக்கோடே நிற்கும்.

7. 'செட்டிங்ஸ்' பக்கத்தில் முதல் வரியான 'அலவ் டாஸ்க் டு பி ரன் ஆன் டிமாண்ட்' டிக்கோடு இருக்கட்டும். ஷார்ட்கட் வேலை செய்வதே அதை நம்பித்தான். மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்ற வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். கணினியை அணைக்காமல் ஸ்லீப்பில் போடுபவர்களுக்கு, சேமிக்காத வேலையோடு புரோகிராம் திடீரென்று மூடிக்கொள்வதற்கு இதுதான் காரணம். கடைசி வரியில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 'டு நாட் ஸ்டார்ட் எ நியூ இன்ஸ்டன்ஸ்' என்று இருக்கும். ஒரே சமயத்தில் இரண்டு விண்டோ தேவைப்படும் புரோகிராமென்றால் 'ரன் எ நியூ இன்ஸ்டன்ஸ் இன் பேரலல்' என்று மாற்றுங்கள்.

8. 'ஓகே' கொடுத்து, பட்டியலில் டாஸ்க்கை ரைட் கிளிக் செய்து 'ரன்' அழுத்துங்கள். பெட்டி வராமல் புரோகிராம் திறக்க வேண்டும்.

உரிமை உண்மையிலேயே முழுதாகக் கிடைத்ததா என்று சரிபார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டீடெயில்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். மேலே உள்ள தலைப்பு வரியை ரைட் கிளிக் செய்து 'செலக்ட் காலம்ஸ்', அதில் 'எலிவேட்டட்' என்பதைச் சேருங்கள். உங்கள் புரோகிராமுக்கு நேரே 'யெஸ்' என்று இருந்தால் சரி.

ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் படிக்கப் போகிறீர்கள் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். வீட்டுக்கு வரும் ஒருவரை முகம் பார்க்காமல், பெயரை மட்டும் கேட்டு உள்ளே விடச் சொன்ன மாதிரிதான் இந்த டாஸ்க். அது பாதையை மட்டும் பார்க்கிறது. அந்தப் பாதையில் இருக்கும் ஃபைல் நீங்கள் வைத்ததுதானா என்று சோதிப்பதில்லை.

சிபியு-இசட்-ஐ இன்ஸ்டால் செய்யாமல் ஜிப்பாக டவுன்லோடு செய்து, 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலேயே பிரித்து, அதற்கு டாஸ்க் போட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த ஃபோல்டரில் எழுத அட்மின் உரிமை தேவையில்லை. மின்னஞ்சலில் வந்த ஏதோ ஒரு தீய ஃபைலைச் சாதாரண உரிமையில் நீங்கள் திறந்துவிட்டால், அது அந்த இயங்கு ஃபைலைத் தன் ஃபைலால் மாற்றி வைத்து, டாஸ்க்கை ஓடச் சொல்லும். பெட்டி வராமல், முழு அட்மின் உரிமையோடு அது ஓடும். இயங்கு ஃபைலை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு டிஎல்எல் ஃபைலை (புரோகிராம் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் துணை ஃபைல்) போட்டாலும் போதும். பெரும்பாலான டிஎல்எல்களைப் புரோகிராம்கள் முதலில் தங்கள் ஃபோல்டரிலேயே தேடுகின்றன.

அதனால் டாஸ்க் போடும் புரோகிராம் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்தான் இருக்க வேண்டும். அங்கே எழுத அட்மின் உரிமை வேண்டும் என்பதே நமக்குக் காவல். ஜிப்பாக வரும் கருவிகளையும் அங்கே ஒரு ஃபோல்டர் போட்டு நகலெடுத்துவிடுங்கள், ஒரே முறை அனுமதி கேட்கும். 'ஆப் டேட்டா', 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்', பென் டிரைவ் எதுவும் கூடாது. டி டிரைவில் நீங்கள் உருவாக்கிய ஃபோல்டரும் பெரும்பாலும் கூடாது, ஏனென்றால் அங்கே சாதாரண உரிமையிலேயே ஃபைல்களை மாற்ற முடியும். 'யூசர்ஸ்' குழுவுக்கு 'மாடிஃபை' கொடுத்த ஃபோல்டருக்குள் இருக்கும் எதற்கும் இந்த டாஸ்க்கைப் போடாதீர்கள்.

பாதையில் 'விண்டிர்' (விண்டோஸ் ஃபோல்டரைக் குறிக்கும் சுருக்கப் பெயர்) போன்ற, சதவீதக் குறிக்குள் எழுதும் மாறிகளையும் தவிர்க்க வேண்டும். விண்டோஸோடு வரும் டிஸ்க் கிளீனப்பின் 'சைலன்ட் கிளீனப்' டாஸ்க்கிலேயே இந்த ஓட்டை இருந்தது. அது முழு உரிமையில் ஓடும், அதன் பாதை அந்த மாறியில் தொடங்கும். மாறியின் மதிப்பைச் சாதாரண யூசரே தன் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) மாற்றிவைத்துப் பெட்டியில்லாமல் அட்மின் உரிமை பெறலாம் என்பது 2017-இல் வெளியானது.

கட்டளைகளை எழுதி ஓட்டும் கருவிகளான பவர்ஷெல்லுக்கும் கமாண்ட் பிராம்ப்டுக்கும் டாஸ்க் போடும்போது இன்னும் கவனம் தேவை. பவர்ஷெல் தொடங்கும்போது, உங்கள் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும் புரொஃபைல் ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. அந்த ஸ்கிரிப்டைச் சாதாரண உரிமையில் யாரும் திருத்தலாம். கமாண்ட் பிராம்ப்டும் உங்கள் ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் 'ஆட்டோரன்' என்ற இடத்தில் என்ன கட்டளை இருந்தாலும் முதலில் அதை ஓட்டும். ஸ்கிரிப்ட் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் பவர்ஷெல்லுக்கு 'நோ புரொஃபைல்' என்ற சுவிட்சையும், கமாண்ட் பிராம்ப்டுக்குச் சாய்கோட்டுடன் 'டி' என்ற சுவிட்சையும் 'ஆட் ஆர்கியூமென்ட்ஸ்' கட்டத்தில் சேருங்கள். ஸ்கிரிப்ட் ஃபைலும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே இருக்கட்டும். பிரவுசருக்கு எந்த நிலையிலும் இந்த டாஸ்க்கைப் போடாதீர்கள்.

ஷார்ட்கட் அமைத்தல்

டெஸ்க்டாப்பில் காலியிடத்தை ரைட் கிளிக் செய்து 'நியூ', 'ஷார்ட்கட்' என்று போங்கள். இடம் கேட்கும் கட்டத்தில் எழுத வேண்டிய கட்டளை மூன்று துண்டுகள் கொண்டது. முதலில் எஸ், சி, எச் எழுத்துகளோடு டாஸ்க்ஸ் என்பதை ஒட்டி எழுதும் ஒரே சொல். அடுத்து ஒரு இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் 'ரன்'. மீண்டும் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் டி, என் என்ற இரண்டு எழுத்துகள், பிறகு உங்கள் டாஸ்க்கின் பெயர். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். பெயரில் இடைவெளி இருந்தால் மட்டும் அதைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி போடுங்கள். டாஸ்க்கை ஷெட்யூலருக்குள் தனி ஃபோல்டரில் வைத்திருந்தால், ஃபோல்டர் பெயரையும் பின்சாய்கோட்டையும் பெயருக்கு முன் சேர்க்க வேண்டும்.

ஷார்ட்கட்டின் 'பிராப்பர்டீஸ்' திறந்து 'ரன்' என்ற இடத்தில் 'மினிமைஸ்டு' என்று மாற்றினால், தட்டும்போது கறுப்பு விண்டோ மின்னி மறைவது நின்றுவிடும். இது அந்தக் கட்டளையின் விண்டோவை மட்டுமே மறைக்கும், உங்கள் புரோகிராம் வழக்கம்போலத் திறக்கும். 'சேஞ்ச் ஐகான்' மூலம் புரோகிராமின் இயங்கு ஃபைலைக் காட்டி அதன் ஐகானையே வைத்துக்கொள்ளலாம். 'ஷார்ட்கட் கீ' கட்டத்தில் ஓர் எழுத்தை அழுத்தினால் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் சேர்ந்து விசைக்கூட்டாக அமையும்.

பழைய ஐகானை டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பழக்கத்தில் அதைத் தட்டிவிட்டு, டாஸ்க் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

லாகின் செய்ததும் தானாகவே திறக்க வேண்டுமென்றால் 'ஸ்டார்ட்அப்' ஃபோல்டரில் போடுவது உதவாது. அட்மின் உரிமை கேட்கும் புரோகிராமை விண்டோஸ் அங்கிருந்து தானாகத் தொடங்குவதில்லை. டாஸ்க்கின் 'டிரிகர்ஸ்' பக்கத்தில் 'அட் லாக் ஆன்' சேர்த்து, 'ஸ்பெசிஃபிக் யூசர்' என்பதில் உங்கள் கணக்கை வையுங்கள். 'டிலே டாஸ்க் ஃபார்' 30 விநாடி கொடுத்தால், மற்றவை திறந்து முடிக்க நேரம் கிடைக்கும்.

வேலை செய்யாதபோது

டாஸ்க் பட்டியலில் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' என்ற பத்தியை முதலில் பாருங்கள். பூஜ்ஜியம் என்றால் தடையின்றி முடிந்தது. 41301 என்று முடியும் எண் வந்தால் டாஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. புரோகிராம் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சிறு ஐகானாக ஒளிந்திருக்கும், அதனால்தான் இரண்டாவது தட்டலுக்குப் பதில் இல்லை. 80070002 என்றால் சொன்ன பாதையில் ஃபைல் இல்லை. புதிய பதிப்பு வரும்போது ஃபோல்டர் பெயரையே மாற்றிக்கொள்ளும் மென்பொருள்களில் இது அடிக்கடி வரும். 8007010 என்ற எண்களுக்குப் பின் 'பி' எழுத்து இருந்தால் 'ஸ்டார்ட் இன்' பாதையில் பிழை, அநேகமாக மேற்கோள் குறி.

'ஸ்டேட்டஸ்' பத்தியில் 'க்யூடு' என்று நின்றால் மின்சாரக் கட்டங்களைத் திரும்பப் பாருங்கள்.

புரோகிராம் திறக்கிறது, ஆனால் மந்தமாக இருக்கிறது என்றால் காரணம் வேறு. டாஸ்க் ஷெட்யூலர் தான் தொடங்கும் எதற்கும் முன்னுரிமை 7 கொடுக்கிறது, அது வழக்கமான அளவுக்குக் கீழே. வீடியோ மாற்றும் மென்பொருள், பெரிய பேக்கப் போன்றவற்றில் வித்தியாசம் தெரியும். இதை மாற்ற அந்த விண்டோவில் இடமில்லை. டாஸ்க்கை ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, கிடைக்கும் எக்ஸ்எம்எல் ஃபைலை நோட்பேடில் திறந்து, 'பிரையாரிட்டி' என்ற குறிக்குள் இருக்கும் 7-ஐ 5 ஆக்கிச் சேமியுங்கள். பிறகு பழைய டாஸ்க்கை அழித்துவிட்டு 'இம்போர்ட் டாஸ்க்' மூலம் இதை ஏற்றுங்கள். 4 முதல் 6 வரை எல்லாமே வழக்கமான முன்னுரிமைதான்.

விண்டோ மற்ற விண்டோக்களுக்குப் பின்னால் திறப்பதும் உண்டு. டாஸ்க்பாரைப் பார்த்தால் ஐகான் தெரியும்.

நெட்வொர்க் டிரைவ் காணாமல் போவதற்கு இரண்டு டோக்கன்தான் காரணம். இசட் டிரைவ் என்று நீங்கள் இணைத்தது கழிக்கப்பட்ட டோக்கனின் செஷனில் இருக்கிறது. முழு டோக்கனில் ஓடும் புரோகிராமுக்கு அந்த இணைப்பு தெரியாது. டிரைவ் எழுத்துக்குப் பதிலாக, இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுத்தால் பெரும்பாலும் தீரும். ஃபைல் எக்ஸ்புளோரரிலிருந்து ஒரு ஃபைலை இழுத்து அந்த விண்டோவில் போட்டால் ஏற்காததும் இதனால்தான். குறைந்த உரிமையுள்ள விண்டோ, கூடுதல் உரிமையுள்ள விண்டோவுக்கு எதையும் தள்ளிவிட முடியாதபடி விண்டோஸ் தடுக்கிறது. அந்தத் தடை நம்மைக் காக்கிறது, அதை உடைக்க வழி தேட வேண்டாம். புரோகிராமின் 'ஃபைல்' மெனுவில் 'ஓப்பன்' மூலம் திறந்துகொள்ளுங்கள்.

பாஸ்வேர்டு கேட்கும் சாதாரணக் கணக்கில்

பிள்ளைகளுக்கோ கடை ஊழியருக்கோ சாதாரணக் கணக்கு கொடுத்திருந்தால், மேலே சொன்ன டாஸ்க் அவர்களுக்கு உதவாது. 'ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' என்பது அந்தக் கணக்கிடம் ஏற்கெனவே உள்ள உரிமையின் உச்சம்தான். சாதாரணக் கணக்குக்கு முழு டோக்கன் என்று ஒன்று கிடையாது. அட்மினின் பெயரில் டாஸ்க் போட்டால், திரையில் விண்டோ காட்டும் புரோகிராம் அட்மின் லாகின் செய்திருக்கும்போதுதான் ஓடும்.

விண்டோ தேவையில்லாத வேலைகளுக்கு மட்டும் வழி இருக்கிறது: இரவு பேக்கப், தற்காலிக ஃபைல்களை அழிக்கும் ஸ்கிரிப்ட் போன்றவை. 'ஜெனரல்' பக்கத்தில் 'சேஞ்ச் யூசர் ஆர் குரூப்' அழுத்தி 'சிஸ்டம்' என்ற கணக்கைக் கொடுத்து, டிரிகரில் நேரத்தையோ லாகினையோ வையுங்கள். யார் உட்கார்ந்திருந்தாலும் அது பின்னணியில் ஓடிவிடும், பாஸ்வேர்டு எங்கும் சேமிக்கப்படாது. சிஸ்டம் கணக்கின் அதிகாரம் அட்மினையும் மிஞ்சியது. ஆகவே ஃபைல் இருக்கும் இடத்தைப் பற்றிச் சொன்ன எல்லாம் இங்கே இரண்டு மடங்கு பொருந்தும்.

ஊழியர் தினமும் திறக்க வேண்டிய பில் மென்பொருள் பாஸ்வேர்டு கேட்டால், டேட்டா ஃபோல்டருக்கு 'மாடிஃபை' அனுமதி கொடுத்து, அட்மின் உரிமையே கேட்காதபடி செய்யுங்கள். அதற்கும் மசியாத மென்பொருளென்றால், விற்றவரிடம் சாதாரணக் கணக்கில் ஓடும் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். அட்மின் பாஸ்வேர்டை மட்டும் ஊழியர்களிடம் கொடுக்காதீர்கள், மானிட்டரில் ஒட்டியும் வைக்காதீர்கள்.

புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்யும்போது டாஸ்க் தானாகப் போகாது. அதையும் டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரியில் தேடி 'டெலிட்' செய்ய வேண்டும்.